நன்னி கேட்ட கேள்வி



நோன்பைப் பற்றியும் ஜகாத்தைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் படிக்க வரும் உங்களிடம் பொம்மைகளைப் பற்றிப் பேச எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதுவும் தவழும் குழந்தைகள் விளையாடும் பொம்மைகள் அல்ல. வளர்ந்தவர்களும் காசு கொடுத்து வாங்கி, அலமாரியில் அடுக்கிவைத்து அழகு பார்க்கும் பொம்மைகள். ஆயினும் அவற்றின் பெயரால் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. பிறர் பெயரால் ஒரு சொல் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் உணர்ந்தது அப்போதுதான். டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில்தான் அந்தப் பாடம் நடந்தது.

என் மகனுக்கு அப்போது பதினான்கு வயது, மகளுக்குப் பத்து. மகனுக்கு ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படங்கள் என்றால் உயிர். அப்படங்களில் வரும் பாத்திரங்களைச் சுமார் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில், முழங்கால், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் மடங்கும்படி பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கிறார்கள். ஆக்‌ஷன் ஃபிகர் என்பது அவற்றின் பெயர். ஒன்றின் விலை அந்நாளில் ஏறத்தாழ இருபது டாலர். பெருநாள் காசையும், அண்டை வீட்டாரின் புல்வெளியை வெட்டிக்கொடுத்துப் பெற்ற கூலியையும் சேர்த்துவைத்து அவன் ஒவ்வொன்றாக வாங்கினான்.

உருவப் பொம்மைகளை வீட்டில் வைக்கலாமா என்ற கேள்வி உங்கள் மனத்தில் எழுவது போலவே எங்கள் மனத்திலும் எழுந்தது. மார்க்க அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். போர்ப் பயணம் ஒன்றிலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணியாலான இரண்டு இறக்கைகளோடு ஒரு குதிரை நிற்பதைக் கண்டு அதைப் பற்றி வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்க, பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள் என்று அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது. அந்தச் சிரிப்பை நினைக்கும் போதெல்லாம் எனக்கு மனம் இளகும். பொம்மைகள் கதவுள்ள அலமாரிக்குள் இருக்க வேண்டும். தொழும் அறைக்குள் வரக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வாங்கக் கூடாது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். இது மார்க்கத் தீர்ப்பு அன்று. எங்கள் வீட்டு ஏற்பாடு மட்டுமே.

ஒருநாள் மஃக்ரிபுக்குப் பின் மகன் மடிக்கணினியோடு வந்து என் எதிரே அமர்ந்தான். அடுத்து எந்தப் பாத்திரத்துக்கு உருவம் செய்யத் தகும் என்று ரசிகர்களிடையே வாக்கெடுப்பு நடப்பதாகச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது. பொம்மைக்குமா தேர்தல் என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு மணி நேரம் எனக்கு வகுப்பு எடுத்தான். கேட்கக் கேட்க என் ஏளனம் குறைந்தது.

இந்த வியாபாரத்தின் தொடக்கமே ஒரு சொல்லில்தான் இருக்கிறது. 1964ஆம் ஆண்டு ஹாஸ்ப்ரோ நிறுவனம் ‘ஜி.ஐ. ஜோ’ என்னும் படைவீரன் பொம்மையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொம்மை என்று சொன்னால் ஆண் பிள்ளைகள் தொட மாட்டார்கள் என்று அஞ்சி ‘ஆக்‌ஷன் ஃபிகர்’ என்ற புதுப்பெயரைச் சூட்டினார்கள். பின்னர் 1977இல் முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் வெளிவந்தபோது, பொம்மை செய்யும் உரிமை பெற்றிருந்த கென்னர் நிறுவனத்தால் கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. ஆகவே, பொம்மைக்குப் பதிலாக ஓர் அட்டை உறையையும் அதற்குள் ஒரு சான்றிதழையும் விற்றார்கள். அச்சான்றிதழை அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் தபாலில் வந்து சேரும். வெறும் வாக்குறுதியையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் மக்கள்!

எல்லாப் பாத்திரங்களுக்கும் உருவம் செய்துவிட்டால் என்ன என்று கேட்டேன். முடியாது என்றான் மகன். ஒரு புதிய உருவத்துக்கு எஃகினால் அச்சு வெட்ட வேண்டும். ஒரு பொம்மை கூட விற்பதற்கு முன்பே அந்தச் செலவு விழுந்துவிடும். அதனால் கம்பெனிகள் நிச்சயமாக விற்கும் கதாநாயகர்களையே திரும்பத் திரும்பச் செய்கின்றன. இருக்கும் அச்சுக்கே வேறு வண்ணம் தீட்டுகின்றன. பழைய உடலில் புதிய தலையைப் பொருத்துகின்றன. படத்தின் ஓரத்தில் நின்றவர்கள் பல்லாண்டுகள் காத்துக்கிடக்கிறார்கள். அத்தகையவர்களுக்கு ரசிகர்களின் வாக்கு ஒன்றுதான் கதி.

அப்படி வாக்கினால் உருவம் பெற்றவர்களின் கதைகளை அவன் வரிசையாகச் சொன்னான். டார்த் ரெவன் என்பவர் எந்தத் திரைப்படத்திலும் வராதவர். 2003இல் வெளியான ஒரு கணினி விளையாட்டின் பாத்திரம். அந்த விளையாட்டை ஆடி வளர்ந்தவர்கள் அவரை மறக்காமல் வாக்களித்ததால் 2016இல் அவருக்கு உருவம் கிடைத்தது. ஜெய்னா சோலோ கதை இன்னும் விந்தையானது. நாவல்களில் வாழ்ந்த பெண் அவர். 2014இல் படத்தின் உரிமையாளர்கள் அந்த நாவல்களையெல்லாம் மூலக்கதையிலிருந்து விலக்கி, அவற்றைத் தொன்மக் கதைகள் என்று தனியே ஒதுக்கிவிட்டார்கள். அதாவது, அவர் நடக்காத கதையின் ஆள் ஆகிவிட்டார். ஆனாலும் படித்தவர்கள் விடவில்லை. அவருக்கும் வாக்களித்தார்கள், 2017இல் அவரும் உருவாகி வந்தார். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ பொம்மை வரிசையில் 2013இல் நடந்த வாக்கெடுப்போ ஒரு புதுப் பாத்திரத்தையே படைத்தது. ஆணா பெண்ணா, எந்த வாகனமாக மாற வேண்டும், என்ன நிறம், என்ன ஆயுதம் என்று ஒவ்வொன்றாக ரசிகர்களிடம் கேட்டார்கள். பெண், சிவப்பு நிறம், ஜெட் விமானம், வாள் என்று விடை வந்தது. விண்ட்பிளேட் என்ற பெயரில் 2014இல் அவள் கடைக்கு வந்தாள்.

இந்தக் கடைசிக் கதையை என் மகளும் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். 2015இன் இறுதியில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் நாயகி ரே என்னும் பெண். ஆனால் அப்படத்தை ஒட்டி வெளிவந்த மோனோபொலி விளையாட்டின் நான்கு காய்களில் ரே இல்லை. ரே எங்கே என்று உலகெங்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்ட பிறகு, 2016 ஜனவரியில், அவளையும் சேர்ப்போம் என்று நிறுவனம் அறிவித்தது. இந்தச் செய்தியைப் பள்ளியில் தோழியர் பேசக் கேட்டிருந்தாள் என் மகள். “கேட்டால்தான் கொடுப்பாங்களா, அத்தா?” என்று அவள் அன்று கேட்டதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

மகனின் வேட்பாளர் ஸக்கஸ். 1980இல் வந்த இரண்டாவது படத்தில், கூலிக்கு ஆள் பிடிக்கும் வேட்டைக்காரர்கள் சிலர் ஒரு கப்பலில் வரிசையாக நிற்பார்கள். அவர்களுள் பூச்சி முகமும் மூச்சுக் குழாயும் நீண்ட அங்கியுமாக நிற்பவர் அவர். ஒரு வார்த்தை கூடப் பேச மாட்டார். அவருக்கு ஓர் அநியாயம் நடந்தது என்றான் மகன். கென்னர் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் அவரது பொம்மையைச் செய்தபோது பெயரை மாற்றிவிட்டது. அதே வரிசையில் நின்ற ஃபோர்-லோம் என்னும் இயந்திர மனிதனின் பெயரை ஸக்கஸின் பொம்மைக்கும், ஸக்கஸின் பெயரை அந்த இயந்திர மனிதனின் பொம்மைக்கும் இட்டுவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் அது திருத்தப்பட்டது. “இன்னொருத்தர் பேரில் அவரை வித்தாங்க, அத்தா. இப்பவாவது அவருக்கு நியாயம் கிடைக்க வேண்டாமா?” என்றான். கண்கள் பளபளத்தன. அன்று எனக்கு அவன் மீது பெருமையாக இருந்தது. அநியாயம் என்ற சொல் அவன் வாயில் வந்ததே என்று மகிழ்ந்தேன்.

அந்த மகிழ்ச்சியில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது விதி. மின்னஞ்சல் முகவரியை வைத்துத்தான் ஆளைக் கணக்கிட்டார்கள். மகன் என் முகவரியைக் கேட்டான், கொடுத்தேன். தன் தாயின் முகவரியைக் கேட்டான். அவள் அடுப்படியிலிருந்தே தலையசைத்தாள். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தான். அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். கம்பத்தில் இருக்கும் என் தாயாருக்குக் காணொளி அழைப்புக்காக நானே ஒரு முகவரி தொடங்கிக் கொடுத்திருந்தேன். அதன் கடவுச்சொல்லும் என்னிடம் இருந்தது. அதையும் கொடுத்தேன். ஸ்டார் வார்ஸ் என்ற பெயரையே கேட்டறியாத என் தாயார் ஒரு கூலி வேட்டைக்காரனுக்கு வாக்களித்துவிட்டார்கள் என்று நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆறாவதாக என் மகளின் முகவரி. அவள் உறங்கிவிட்டிருந்தாள். அவளிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, பள்ளி விட்டு வந்த மகள் என்னிடம் வந்தாள். கணினியில் ஏதோ கோளாறு என்றாள். “நான் இன்னும் ஓட்டுப் போடவே இல்லை, அத்தா. ஆனால் ஏற்கெனவே போட்டாச்சுன்னு காட்டுது.” கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் அவள் தன் வேட்பாளருக்கான காரணங்களை எண்ணிட்டு எழுதியிருந்தாள்.

அவள் தேர்ந்தெடுத்தவர் ஜோகாஸ்டா நூ. 2002இல் வந்த படத்தில் சில நிமிடங்களே தோன்றும் மூதாட்டி. வீரர்களின் பெரும் நூலகத்தைக் காப்பவர். நரைத்த கொண்டை, கையில் ஆயுதம் இல்லை. வார இறுதிகளில் ஊர் நூலகத்தில் புத்தகங்களை அடுக்க உதவும் என் மகளுக்கு அவரைப் பிடித்துப் போனதில் வியப்பில்லை. முதல் காரணமாக அவள் எழுதியிருந்தது: எல்லாப் பொம்மையும் சண்டை போடும் ஆட்கள், புத்தகம் காக்கும் ஒருவரும் வேண்டும். இரண்டாவது: வயதான பெண்களைப் பொம்மையாகச் செய்யவே மாட்டேன் என்கிறார்கள், நன்னியைப் போல் ஒருவர் அலமாரியில் இருந்தால் நன்றாக இருக்கும்.

நான் படித்துக்கொண்டே நின்றேன். கோளாறு எதுவும் இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன்.

அவள் சத்தம் போட்டு அழவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு அண்ணனின் அறை வாசலில் போய் நின்றாள். “ஸக்கஸ் பேரை இன்னொருத்தருக்குக் கொடுத்தது அநியாயம்னு நீதானே சொன்னே? என் பேரை நீ எடுத்துக்கிட்டியே!”

மகன் முதலில் சொன்னது, “இது வெறும் பொம்மைதானே?” பிறகு, “எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க.” இரண்டையும் மறுக்க நான் வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. ஏனெனில் இரண்டு நாளுக்கு முன் சிரித்துக்கொண்டே கடவுச்சொற்களைச் சொன்னபோது என் மனத்தில் இருந்ததும் இதே இரண்டு வாக்கியங்கள்தாம். அவன் என்னிடமிருந்துதான் கற்றான்.

அன்று இஷாவுக்குப் பின் நெடுநேரம் அதே மேசையில் அமர்ந்திருந்தேன். தேர்தல் காலங்களில் நம் அறிஞர்கள் சொல்லக் கேட்ட ஒரு கருத்து நினைவுக்கு வந்தது. வாக்களிப்பது என்பது சாட்சி சொல்வது. இவர் இதற்குத் தகுதியானவர் என்று நான் அறிந்தவரையில் சாட்சி பகர்கிறேன் என்பதே ஒரு வாக்கின் பொருள். ஊராட்சித் தேர்தலுக்கும் நாடாளுமன்றத் தேர்தலுக்கும்தான் அது பொருந்தும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் இந்த வாக்கெடுப்பில் கேட்கப்பட்ட கேள்வியே, யார் தகுதியானவர் என்பதுதானே? விடை சிறியதாக இருக்கலாம், பிளாஸ்டிக்காக இருக்கலாம். கேள்வி சிறியதன்று. அறியாதவர் பெயரால் அறிந்ததாகச் சொன்னோம். உறங்கும் பிள்ளையின் நாவை நாங்கள் அசைத்தோம். நமக்கும் நம் உறவினருக்கும் எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அதை எத்தனை முறை ஓதியிருப்பேன்! அன்று அது என் வீட்டுக்குள்ளேயே வந்து என்னைக் கேட்டது.

இன்னொன்றும் உறைத்தது. கம்பெனிகள் இந்த வாக்கெடுப்புகளை நடத்துவது தருமத்துக்காக அன்று. எது விற்கும் என்று முன்கூட்டியே அறிவதற்காகவும்தான். அதைவிட நேரடியான வழியும் அவர்களிடம் உண்டு. 2018இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜப்பா என்னும் பாத்திரத்தின் பாய்மரக் கப்பலை ஐந்நூறு டாலர் விலையில் அறிவித்தது. ஐயாயிரம் பேர் முன்பதிவு செய்தால்தான் செய்வோம் என்றது, அந்த எண்ணிக்கை தாண்டியது, கப்பல் வந்தது. 2021இல் ரான்கோர் என்னும் விலங்கை முந்நூற்றைம்பது டாலருக்கு அறிவித்து ஒன்பதாயிரம் பேரைக் கேட்டது, அத்தனை பேர் சேரவில்லை, விலங்கு வரவில்லை. அங்கே பணமே வாக்கு. இருபது டாலர் சேர்க்க இரண்டு மாதம் புல் வெட்டும் பிள்ளைக்கு அங்கே இடமே இல்லை. அப்படிப் பார்த்தால், பணக்காரருக்கும் சிறுமிக்கும் ஒரே எடை தரும் வாக்கெடுப்பு எவ்வளவு மேலானது! அதில் ஒரு பத்து வயதுப் பெண்ணுக்கு இருந்த ஒரே ஒரு வாக்கைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் சுபுஹுக்குப் பின் மகனிடம் பேசினேன். முதலில் என் தவற்றைச் சொன்னேன். அவன் தலைகுனிந்து கேட்டான். அறிவுரை நீளும் என்று எதிர்பார்த்திருப்பான். நான் அதோடு எழுந்துவிட்டேன். மாலையில் அவனே ஒரு மடலைக் கொண்டுவந்து காட்டினான். வாக்கெடுப்பு நடத்துபவர்களுக்கு எழுதியது. ஆறு வாக்குகளில் ஒன்றுதான் தன்னுடையது என்றும், மற்ற ஐந்தையும் நீக்கிவிடும்படியும், அந்த ஐந்தில் ஒன்று தன் தங்கையுடையது ஆதலால் இயன்றால் அவள் மீண்டும் வாக்களிக்க இடம் தரும்படியும் எழுதியிருந்தான். ஸக்கஸ் தோற்றாலும் பரவாயில்லையா என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பரவாயில்லைன்னு சொல்ல முடியலை. ஆனா அனுப்புறேன்” என்றான்.

பதில் வரவில்லை. ஸக்கஸ் அடுத்த சுற்றுக்குத் தேறினார். நூலகர் மூதாட்டி தேறவில்லை. எங்கள் ஐந்து வாக்குகள் நீக்கப்பட்டனவா இல்லையா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமை மகனை நெடுநாள் உறுத்தியது. தேறியவர் பட்டியலில் தன் வேட்பாளரின் பெயரைப் பார்த்தும் அவனால் மகிழ முடியவில்லை. நியாயமாக வென்றாரா என்று சொல்ல முடியாத வெற்றி அது. தண்டனை என்று நான் எதையும் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

மகள் கேட்ட ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில், தான் தேடும் கோள் பதிவேட்டில் இல்லையே என்று வந்து நிற்பவரிடம் நூலகர் மூதாட்டி, பதிவில் இல்லாதது இல்லவே இல்லை என்னும் பொருளில் உறுதியாகச் சொல்லிவிடுவார். பிறகு தெரியவரும்: பதிவேட்டிலிருந்து அதை யாரோ அழித்திருக்கிறார்கள். “அவங்க அந்த ஒரு விஷயத்தில்தான் தப்பு செஞ்சாங்க, அத்தா. பதிவில் இல்லைன்னா, யாரோ அழிச்சிருக்கலாம்னு நினைச்சிருக்கணும்” என்றாள் மகள். தன்னைப் பற்றித்தான் சொல்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மீண்டும் ஒரு வாக்கெடுப்பு வந்தது. இம்முறை வீட்டில் ஒரு விதி செய்தோம். வாக்குக் கேட்பவர் இரவு உணவின் போது தன் வேட்பாளருக்காகப் பேச வேண்டும்; வாக்காளர் தன் கையாலேயே வாக்களிக்க வேண்டும்; விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். கம்பத்தில் இருந்த என் தாயாரையும் காணொளியில் அழைத்தோம். சென்ற ஆண்டு அவர்கள் பெயரில் நாங்கள் செய்ததை மகனே அவர்களிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டான். “எம் பேர்ல நீ போட்ட ஓட்டு நல்லவனுக்கா கெட்டவனுக்கா?” என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. கூலிக்கு ஆள் பிடிப்பவன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். “அட அல்லாவே!” என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். பேரன் பேத்தி இருவரும் சிரித்துவிட்டார்கள்.

பிறகு ஒவ்வொரு படமாகக் காட்டச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் அதே மூன்று கேள்விகள். இவன் யாரு? என்ன செஞ்சான்? இவனுக்கு இல்லையேன்னு யாரு ஏங்குறா? நான் மலைத்துப் போனேன். தகுதியை அளக்க இதைவிடச் சிறந்த முறையை எந்தத் தேர்தலிலும் நான் கண்டதில்லை. மகள் தன் நூலகருக்காகப் பேசினாள். நன்னி கவனமாகக் கேட்டார்கள். தம்மைப் போன்ற ஒருவர் என்றதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

இறுதியில் மகன் ஓர் இரண்டு விநாடிக் காட்சியைக் காட்டினான். 1980இன் அதே படம்தான். மேகங்களுக்கு நடுவே மிதக்கும் ஒரு நகரத்தைப் படைகள் கைப்பற்ற, மக்கள் அஞ்சி ஓடுகிறார்கள். அவர்களுள் ஆரஞ்சு நிற உடையில் ஒருவர் கையில் ஏதோ ஒரு வெள்ளைக் கலத்தை அணைத்துக்கொண்டு ஓடி மறைகிறார். அவ்வளவுதான். படப்பிடிப்பில் அந்தக் கலமாகப் பயன்பட்டது ஒரு வீட்டு ஐஸ்கிரீம் இயந்திரம். ரசிகர்கள் அதைக் கண்டுபிடித்து, அவருக்கு வில்ரோ ஹுட் என்னும் பெயரும் நிலைத்து, அவரைப் போல ஆரஞ்சு உடை அணிந்து மாநாடுகளில் கூட்டமாக ஓடும் வழக்கமும் உண்டாகிவிட்டது. 2009இல் சிறிய அளவில் அவருக்கு ஓர் உருவமும் வந்தது. கையில் அந்தக் கலத்தோடு. பெரிய அளவிலும் வேண்டும் என்பது இப்போதைய கோரிக்கை என்று வேடிக்கையாகத்தான் சொன்னான் மகன்.

என் தாயார் சிரிக்கவில்லை. மீண்டும் ஒருமுறை காட்டச் சொன்னார்கள். பிறகு சொன்னார்கள்: “ரங்கூன்ல குண்டு விழுந்தப்ப எங்க அத்தா கடையப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. துணிமணி எடுக்கல. கணக்கு நோட்ட மட்டும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நடந்தாங்களாம். யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்னு அதுலதான் இருந்துச்சு. இவனும் அப்படி எதையோ காப்பாத்திக்கிட்டு ஓடுறான் பாரு, பாவம். எம் பேத்தி கோவிச்சுக்கக் கூடாது. எம் ஓட்டு இவனுக்குத்தான்.”

1942இன் பர்மா நடைப்பயணத்தில் என் பாட்டனார் வந்தார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு நோட்டைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நாற்பது ஆண்டுகளாக நான் கேட்காமல் இருந்த கதையை, யாரோ ஒரு துணை நடிகர் இரண்டு விநாடி ஓடிய ஓட்டம் வெளிக்கொணர்ந்துவிட்டது. கணக்கு நோட்டில் இருந்த கடன்கள் எல்லாம் அடைந்தனவா என்று மகன் கேட்டான். ஊர் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்றார்கள் நன்னி. மேசையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அன்று என் தாயார், கைப்பேசியில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று மூன்று முறை கேட்டறிந்து, தம் விரலாலேயே வாக்களித்தார்கள். எங்கள் வீட்டு வாக்குகள் மூன்று பேருக்குச் சிதறின. அவர்களுள் ஒருவரும் வெல்லவில்லை. மகளுக்கு அதில் வருத்தம்தான். ஆயினும் தன் வாக்கு எண்ணப்பட்டது என்பதை நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவைத்துக்கொண்டாள்.

மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அலமாரியில் பொம்மைகள் குறைந்துவிட்டன. பாதியை அண்டை வீட்டுச் சிறுவனுக்குக் கொடுத்துவிட்டான். சென்ற தேர்தலில் அவன் முதன்முறையாக உண்மையான வாக்குச்சாவடிக்குச் சென்றான். புறப்படுவதற்கு முன் வேட்பாளர் பட்டியலை மேசையில் விரித்துவைத்து, ஒவ்வொரு பெயரின் எதிரிலும் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். இவர் யார், என்ன செய்தார், இவருக்காக ஏங்குவது யார் என்று மூன்று கட்டங்கள் வரைந்திருந்தான்.

நம் பிள்ளைகளின் விளையாட்டுகளை நாம் சிறியவை என்று எண்ணுகிறோம். அவர்கள் நம்மைப் பார்த்து நியாயம் பழகும் இடம் அதுவாகவும் இருக்கலாம். நாம் அறிந்ததற்கு மட்டும் சாட்சி சொல்பவர்களாகவும், பிறர் நாவைப் பறிக்காதவர்களாகவும் நம்மையும் நம் மக்களையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.